குளிர்நாட்டு வீட்டின் மின்கட்டணக் கணக்கு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீடுகளின் வெளிச்சுவரில் குளிர்சாதனக் கருவியின் ஒரு பகுதி பொருத்தப்பட்டிருக்கும். அது ஓடும்போது அருகில் நின்றால் அனல்காற்று முகத்தில் அடிக்கும். அந்த அனலின் பெரும்பகுதி கருவி புதிதாக உண்டாக்கியதன்று. அறைக்குள் இருந்த வெப்பமே வெளியே கொண்டுவந்து கொட்டப்படுகிறது. இதே வேலையைத் திசை மாற்றிச் செய்தால், வெளியிலுள்ள வெப்பத்தை அள்ளி வீட்டுக்குள் கொண்டுவரலாம். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கப் பயன்படும் வெப்பப் பம்பு இப்படித்தான் இயங்குகிறது.

பனி பெய்யும் நாளில் வெளிக்காற்றில் வெப்பம் ஏது என்று தோன்றலாம். பூச்சியம் டிகிரி செல்சியஸ் காற்றிலும் வெப்பம் உண்டு. பம்பின் குழாய்களில் ஓடும் திரவம் அதைவிடவும் குளிர்ச்சியாக இருப்பதால், காற்றின் வெப்பம் அதற்குள் பாய்கிறது. திரவம் வாயுவாக மாறுகிறது. கம்ப்ரசர் அந்த வாயுவை அழுத்தும்போது அதன் வெப்பநிலை உயர்கிறது. அந்த வெப்பமே வீட்டுக்குள் ஓடும் நீரைச் சூடாக்குகிறது. இவ்வாறு வெளிக்காற்றின் வெப்பத்தைக் கொண்டு கட்டடங்களைச் சூடாக்க முடியும் என்பதை வில்லியம் தாம்சன் என்னும் அறிவியலாளர் 1852ஆம் ஆண்டிலேயே விளக்கினார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அழைக்கப்பட்டவர் இவரே.

மின்சாரம் இங்கு வெப்பத்தை இடம் மாற்றுவதற்கே செலவாகிறது. ஆகவே, 1 கிலோவாட் மணி மின்சாரத்தைக் கொண்டு 3 அல்லது 4 கிலோவாட் மணி வெப்பத்தைப் பெற முடிகிறது. இந்த விகிதத்தைச் செயல்திறன் எண் எனலாம்.

ஜெர்மனியில் புதிய வீடு கட்டும் பல குடும்பங்கள் வெப்பப் பம்பைத் தேர்ந்தெடுக்கின்றன. வீட்டுக்கடனைக் கட்டத் தொடங்கும் நேரத்தில் மின்கட்டணம் எவ்வளவு வரும் என்பது அவர்களுக்கு மிக முக்கியமான கேள்வி. அந்நாட்டில் வீடுகள் பொதுவாக மாதந்தோறும் ஒரே அளவு முன்பணம் செலுத்துகின்றன. ஆண்டு முடிவில் உண்மைப் பயன்பாட்டை வைத்துக் கணக்கு முடிக்கப்படுகிறது. மதிப்பீடு குறைவாக இருந்தால், மீதித் தொகை முழுவதையும் ஒரே தவணையில் கட்ட நேரிடும்.

பலர் கருவியின் மேல் ஒட்டியுள்ள எண்ணிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். 5 கிலோவாட் பம்பு, நாளுக்கு 24 மணி நேரம், குளிர்காலம் 180 நாள் என்று பெருக்கினால் 21,600 கிலோவாட் மணி வருகிறது. ஒரு கிலோவாட் மணி 35 சென்ட் என்று கொண்டால், கட்டணம் 7,560 யூரோ! இந்தத் தொகையைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. அந்த 5 கிலோவாட் பெரும்பாலும் கருவி தரும் வெப்பத்தைக் குறிக்கிறது. அது உண்ணும் மின்சாரத்தை அன்று. மேலும், ஆண்டின் மிகக் குளிர்ந்த நாளையும் சமாளிக்கும்படியே பம்பின் அளவு முடிவு செய்யப்படுகிறது. மற்ற நாள்களில் அது முழு வேகத்தில் ஓடுவதில்லை.

கணக்கை வீட்டிலிருந்து தொடங்குவதே சரியான முறை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் நகரில் 1991ஆம் ஆண்டில் மக்கள் குடியேறிய நான்கு வரிசை வீடுகள் இதற்கு வழிகாட்டின. தடித்த வெப்பக்காப்பு, மூன்றடுக்குக் கண்ணாடிச் சன்னல்கள், காற்றுப் புகாத சுவர்கள், வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்டுத்தரும் காற்றோட்டக் கருவி ஆகியவற்றால் அவ்வீடுகளுக்கு மிகக் குறைந்த வெப்பமே தேவைப்பட்டது. அவற்றிலிருந்து வளர்ந்த தரக் கட்டுப்பாட்டின்படி, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 கிலோவாட் மணி வெப்பம் போதும்.

இத்தரத்தில் 140 சதுர மீட்டர் வீடு கட்டும் நால்வர் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். வீட்டைச் சூடாக்க ஆண்டுக்கு 2,100 கிலோவாட் மணி வெப்பம் தேவை. தரைக்கடியில் ஓடும் குழாய்களில் நீர் 35 டிகிரி இருந்தால் போதும் என்பதால், செயல்திறன் எண்ணை 4 என்று கொள்ளலாம். மின்சாரம் 525 கிலோவாட் மணி.

குளிக்கவும் கழுவவும் வெந்நீர் வேண்டுமே! ஒருவருக்கு நாளுக்கு 40 லிட்டர் என்றால், நால்வருக்கு ஆண்டுக்கு 58,400 லிட்டர். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 1.16 வாட் மணி தேவை. 10 டிகிரி குழாய்நீரை 45 டிகிரிக்கு ஏற்றினால், ஏறத்தாழ 2,400 கிலோவாட் மணி வெப்பம் செலவாகும். நீர் அதிகச் சூடாக வேண்டியிருப்பதால் பம்பின் திறன் குறைகிறது. செயல்திறன் எண் 2.5 என்றால், மின்சாரம் 960 கிலோவாட் மணி. ஆக, இத்தகைய வீட்டில் குளிரை விரட்டுவதைவிடக் குளிப்பதற்கே மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறது!

இரண்டையும் கூட்டினால் 1,485 கிலோவாட் மணி. கட்டணம் சுமார் 520 யூரோ. தொட்டியில் வீணாகும் வெப்பத்துக்கும் நீரைச் சுற்றவிடும் சிறு பம்புக்கும் சேர்த்து 600 யூரோ என்று வைப்பது பாதுகாப்பானது. மாதத்துக்கு 50 யூரோ. ஒப்பிட்டுப் பார்க்க, சதுர மீட்டருக்கு 150 கிலோவாட் மணி கேட்கும் பழைய வீடு ஒன்றில், செயல்திறன் எண் 3 என்றாலும், சூடாக்க மட்டுமே 7,000 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். அதன் கட்டணம் 2,450 யூரோ. பணத்தைச் சேமிப்பதில் பம்பைவிடச் சுவரின் பங்கே பெரிது.

விற்பனைக் கையேட்டில் காணும் செயல்திறன் எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பெரும்பாலும் அது வெளிக்காற்று 7 டிகிரியும் நீர் 35 டிகிரியும் இருக்கும்போது அளந்ததாக இருக்கும். உறைகுளிரில் அந்த எண் இறங்கும். எனவே, ஆண்டு முழுவதற்குமான சராசரியைக் கேட்டறிய வேண்டும். அறையின் வெப்பநிலையும் கணக்கை மாற்றும். மேற்கண்ட 15 கிலோவாட் மணி, அறை 20 டிகிரியில் இருப்பதாகக் கொண்டு கணிக்கப்படுவது. 23 டிகிரியை விரும்பும் குடும்பத்துக்கு அது போதாது.

புதிய வீட்டின் முதல் குளிர்காலம் தனிக் கதை. கான்கிரீட்டிலும் சுவர்ப் பூச்சிலும் தரையிலும் கட்டுமான ஈரம் தங்கியிருக்கும். அது உலர வெப்பம் வேண்டும். ஈரக்காற்றை வெளியேற்றச் சன்னலையும் அடிக்கடி திறக்க நேரிடும். அதனால் முதல் ஆண்டின் கட்டணம் மதிப்பீட்டைத் தாண்டினால், பம்பு பழுது என்று உடனே முடிவுகட்டத் தேவையில்லை. பம்புக்கெனத் தனி மீட்டர் பொருத்தி மாதந்தோறும் அளவைக் குறித்து வைக்கும் குடும்பம், இரண்டாம் குளிர்காலத்தின் எண்களை முதலாவதோடு ஒப்பிட்டு, ஈரம் எவ்வளவு மின்சாரத்தை உண்டது என்பதைத் தானே கண்டறிந்துவிடும்.