ஈடு வைக்க நிலமில்லாதவர்களின் மேற்படிப்பு

ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் கிழக்குத் தாம்பரத்தில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்திற்கு வழக்குக் கட்டுகளைவிடக் கல்விக் கடன் விண்ணப்பங்களே அதிகமாக வந்து சேர்கின்றன. இளங்கலையை முடித்துவிட்டு முதுகலைப் பொறியியல், எம்.பி.ஏ., சட்ட மேற்படிப்பு என்று இடம் பெற்ற தலித் மாணவர்கள் வருகிறார்கள். கையில் சேர்க்கைக் கடிதமும், கட்டணம் செலுத்தக் கடைசி நாள் குறித்த தாளும் இருக்கும். வங்கியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “சொத்துப் பத்திரம் இருந்தா எடுத்துட்டு வரச் சொன்னாங்க அக்கா.” எழுத்தில் ஏதேனும் கொடுத்தார்களா என்றால், இல்லை. விண்ணப்பத்தையாவது வாங்கிக்கொண்டார்களா என்றால், அதுவும் இல்லை.

கடன் மறுக்கப்படுவதைவிட மோசமானது இந்த வாய்மொழி மறுப்பு. வாங்கப்படாத விண்ணப்பம் எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை. எந்த நீதிமன்றத்திலும் அதை எதிர்த்து வழக்காடுவது எளிதன்று.

வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்தது; 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பெற்றோர் இணைக் கடனாளராகக் கையொப்பமிட்டால் போதும், சொத்து ஈடு தேவையில்லை. 2015இல் கொண்டுவரப்பட்ட கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் வரையிலும் ஈடோ மூன்றாம் நபர் ஜாமீனோ இன்றிக் கடன் வழங்கலாம். கடன் திரும்பாவிட்டால் அதன் பெரும்பகுதியை அந்த நிதி ஈடுசெய்யும். ஆகவே ஐந்து லட்சம் கேட்கும் மாணவரிடம் பத்திரம் கேட்பது விதியின் தேவை அன்று, மேலாளரின் வசதி.

பத்திரம் என்ற சொல் நம் மக்களின் காதில் வேறு விதமாக ஒலிக்கும். தாம்பரம் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களுக்கு நிலமில்லாத நிலையை 1891இல் அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஒப்படைப்பு வந்தது. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கைவிட்டுப் போகாமல் எஞ்சியிருக்கும் நிபந்தனைப் பட்டாவையும் எந்த வங்கியும் ஈடாக ஏற்று நான் பார்த்ததில்லை. பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் கண்ணகி நகரிலும் மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களிடம் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை மட்டுமே. நகரின் நடுவிலிருந்து பெயர்த்து எறியப்பட்டவர்களிடம் போய்ச் சொத்துப் பத்திரம் கேட்பது, எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், ஓர் அவமதிப்பாகவே எனக்குப் படுகிறது.

முகவரியும் ஒரு தடையாக்கப்படுகிறது. “உங்கள் வீடு எங்கள் கிளையின் எல்லைக்குள் வராது” என்பார்கள். இக்காரணத்தைச் சொல்லிக் கல்விக் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியுள்ளது. அடுத்தது சிபில் மதிப்பெண். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோதும், கொரோனா முடக்கத்தின்போதும் வீட்டு வேலையையும் கூலி வேலையையும் இழந்த தாய்மார்களால் குழுக் கடன் தவணைகளைக் கட்ட முடியவில்லை. தாயின் பெயரில் பதிவான அந்தத் தவறிய தவணை, பிள்ளையின் முதுகலைக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2020இல் பெற்றோரின் கடன் மதிப்பெண்ணைக் காட்டிக் கல்விக் கடனை மறுக்க முடியாது என்றது. படித்து முடித்த பின் மாணவருக்கு உண்டாகும் திருப்பிச் செலுத்தும் திறனே அளவுகோல் என்றது. 2023இலும் அதே நீதிமன்றம் குறைந்த சிபில் மதிப்பெண்ணைக் காட்டி மறுப்பதை ஏற்கவில்லை. இத்தீர்ப்புகள் தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்துபவை அல்ல. ஆயினும் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டி வாதிடத் தக்கவை.

நமக்கு மிகவும் பயன்படக்கூடிய விதி இவை எதுவும் அன்று. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான கடன் வசதிகள் குறித்த ரிசர்வ் வங்கியின் தொகுப்புச் சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. இப்பிரிவினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை அளவில் நிராகரிக்கக் கூடாது. அதற்கு அடுத்த மேல்நிலையில்தான் நிராகரிக்க வேண்டும். காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். கிளை மேலாளருக்கு ‘இல்லை’ என்று சொல்லும் அதிகாரமே கிடையாது! சட்டக் கல்விக்கு நானும் கடன் வாங்கியவள்தான். மூன்று கிளைகளின் படியேறி இறங்கிய அந்த நாள்களில் இந்த வரியை எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

எனவே விண்ணப்பத்தைக் கையில் கொண்டுபோய்த் திரும்ப வேண்டாம். வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிவு செய்யுங்கள்; அல்லது ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சாதிச் சான்றிதழின் நகலை இணைத்து, மேற்சொன்ன சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு ஒரு கடிதமும் வையுங்கள். முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் அளித்து, முப்பது நாள்களில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். பொதுத்துறை வங்கியாயின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நிராகரிப்புக் குறிப்பைக் கேட்கலாம். கட்டணத் தேதி நெருங்கிவிட்டால் அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றம் செல்வதே வழி.

கடன் கிடைத்த பிறகு வட்டியைக் கவனிக்க வேண்டும். இரண்டாண்டு முதுகலைக்கு 4 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 2 லட்சமாக, 10 விழுக்காடு தனி வட்டியில் பெறுகிறீர்கள் என்று கொள்வோம். முதலாண்டில் 20,000, இரண்டாமாண்டில் 40,000, படிப்பு முடிந்து தரப்படும் ஓராண்டு அவகாசத்தில் மேலும் 40,000. முதல் தவணை கட்டும் நாளில் உங்கள் கடன் 5 லட்சம். இந்த ஒரு லட்சத்தை ஒன்றிய அரசே ஏற்கும் வட்டி மானியத் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தொழில், தொழில்நுட்பப் படிப்பாக இருக்க வேண்டும். ஆனால் வாழ்நாளில் ஒரு முறைதான். இளங்கலைக்கு மானியம் பெற்றவருக்கு முதுகலைக்குக் கிடையாது. படிப்பைப் பாதியில் விட்டாலும் இழக்க நேரும். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர், பதினெட்டு வயதில் எதற்கு மானியம் பெறுவது என்று எப்படிக் கணக்கிடுவார்?

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், ஈடும் ஜாமீனும் இன்றிக் கடன் என்கிறது. 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டித் தள்ளுபடி தருகிறது. ஆனால் தரவரிசையில் முன்னிற்கும் ஏறத்தாழ 860 நிறுவனங்களுக்கு மட்டும். மாணவரின் வறுமையை விடக் கல்லூரியின் தரவரிசையை முன்வைக்கும் ஏற்பாடு இது.

கடனுக்கு முன் உதவித்தொகையைப் பாருங்கள். வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை. பொத்தேரியிலும் பல்லாவரத்திலும் நடக்கும் ‘நேரடிச் சேர்க்கை’களில் கையொப்பமிடும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள். தாட்கோ வழியே தேசியப் பட்டியல் சாதியினர் நிதி மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். கிறித்தவ தலித்துகளுக்கு இக்கழகத்தின் கதவும், நான் மேலே சொன்ன சுற்றறிக்கையின் பாதுகாப்பும் மூடியே உள்ளன. 1950ஆம் ஆண்டு ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கிறது. மாநில அரசின் உதவித்தொகைகளில் மட்டும் அவர்களுக்கு இடமுண்டு.

வெளிநாடு செல்ல நினைப்போருக்கு ஒரு சொல். அமெரிக்காவில் அந்நாட்டு முதுகலை மாணவருக்கு ஒன்றிய அரசே, தாய் தந்தையின் கையொப்பமோ நிலமோ கேட்காமல், மாணவரின் பெயரிலேயே கடன் தருகிறது. 2025 ஜூலையில் இயற்றிய சட்டம் அங்கும் உச்சவரம்பு விதித்துவிட்டது. நம்மவர்களுக்கு அந்தக் கடன் கிடையாது. இங்கோ, பட்டியல் சாதியினருக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஆணை வந்தது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் தரப்படும் என்றார்கள். அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில், பத்தாண்டு பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டே கொலம்பியா சென்றார். 1920இல் லண்டனுக்குத் திரும்பியபோது சேமிப்போடு, நண்பர் நாவல் பத்தேனாவிடம் 5,000 ரூபாய் கடனும் வாங்க வேண்டியிருந்தது.

தவணை தவறிவிட்டால் அஞ்ச வேண்டாம். கடனைக் கட்ட இயலாமை குற்றமன்று. அதற்காகக் காவல் துறை கைது செய்யாது. என் கடனில் இரண்டு தவணைகள் நின்றபோது, வசூல் முகவர் ஒருவர் அம்மா வேலை பார்த்த வீட்டின் வாசலில் போய் நின்றார். அம்மா அந்த வேலைக்கு மறுபடி போகவில்லை. இரவு 7 மணிக்குப் பின்னும் காலை 8 மணிக்கு முன்னும் வசூலுக்காக அழைப்பதும், குடும்பத்தாரைப் பொதுவெளியில் இழிவுபடுத்துவதும் ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையின்படி தடை செய்யப்பட்டவை. முகவரின் அழைப்புகளைப் பதிவு செய்து வையுங்கள். முகவர் செய்ததற்கு வங்கியே பொறுப்பு. தேர்தல் காலத் தள்ளுபடிப் பேச்சை நம்பித் தவணையை நிறுத்தியவர்களே எங்களிடம் அதிகம் வருகிறார்கள். வேலை கிடைக்கவில்லையென்றால் அவகாசம் கேட்டு வங்கிக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். திருப்பிச் செலுத்தும் காலத்தை 15 ஆண்டு வரை நீட்டிக்கத் திட்டத்தில் இடமிருக்கிறது.

வட்டி மானியத்திற்கான வருமானச் சான்றிதழைக் கடன் ஒப்புதலின்போதே வங்கியில் கொடுத்துவிட வேண்டும். மானியம் கோரி வங்கிதான் கனரா வங்கியின் தளத்தில் பதிவேற்ற வேண்டும். பதிவேற்றியதற்கான சான்றை ஆண்டுதோறும் கேட்டு வாங்குங்கள். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர், சோழிங்கநல்லூர் வட்டங்களில் ஜூன் மாதம் இ-சேவை மையங்களில் கூட்டம் அலைமோதும். ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.