காலையில் வீங்கும் முகம்

மருத்துவ உதவி கேட்டு எங்களிடம் வந்த ஒரு தாயார் சொன்னது இது. ஏழு வயது மகனுக்குக் காலில் வந்த சிரங்கு ஆறி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் முகம் உப்பி எழுந்தான். பிள்ளை சதை போட்டிருக்கிறான் என்று வீட்டில் சந்தோஷம். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனதும் மஞ்சள் காமாலை என்று நாட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. காமாலை அல்ல, சிறுநீரக அழற்சி. இரத்த அழுத்தம் ஏறியதால் வந்த வலிப்பு. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

தொண்டைப் புண்ணையும் சிரங்கையும் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமிதான் இதற்கு மூலம். கிருமி சிறுநீரகத்துக்குள் போவதில்லை. அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருள்கள், கிருமியின் துணுக்குகளோடு சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் படிந்து அவற்றைப் புண்ணாக்குகின்றன. ஆகவே நோய் தாமதமாகத்தான் வரும்: தொண்டை வலி வந்து ஒன்று முதல் மூன்று வாரத்தில், சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு வாரத்தில். அதற்குள் பழைய புண் நமக்கு மறந்துபோகிறது. டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே அதைச் சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலும் 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கே இது வருகிறது. காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், சிறுநீர் குறைவது, நிறம் கறுப்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிறுநீர்ப் பரிசோதனையோடு பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்குப் பிரஷரா என்று தயங்க வேண்டாம். தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால் இரவானாலும் காத்திருக்கக் கூடாது.

நீர் நன்றாகப் பிரியட்டும் என்று இளநீர் கொடுப்பது நம் வழக்கம். இந்த நோயில் அது ஆபத்து. சிறுநீர் குறைந்திருக்கும்போது இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத்தைத் தாக்கும். உப்பு, ஊறுகாய், கருவாடு, அப்பளம் கூடாது. தண்ணீரும் டாக்டர் சொன்ன அளவுதான்.

பெரும்பாலான பிள்ளைகள் முழுமையாகத் தேறிவிடுவார்கள். வீக்கம் ஓரிரு வாரத்தில் வடிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் பல மாதம் சிறுநீரில் போகலாம். அதனால் டாக்டர் வரச்சொன்ன தேதிகளை விடாதீர்கள்.

வீட்டில் ஒருவருக்குச் சொறி என்றால், ஒரே பாயில் படுக்கும் எல்லோரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும். இல்லையென்றால் அது சுற்றிச் சுற்றி வரும். சொறிந்த இடத்தில்தான் இந்தக் கிருமி குடியேறுகிறது.