குதிரையின் முதுகு தாங்குமா?

"சார், ஆறு நாள் குதிரைப் பயணத்துக்கு என்னென்ன எடுத்துட்டு வரணும்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் அவர்களுடைய எடையைத்தான் கேட்பேன். சிலருக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ராணுவத்தில் குதிரைகளுக்கு லாடம் கட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது ராஜஸ்தானின் ஷேகாவதிப் பகுதியில் நவல்கட் ஊரில் இருக்கிறேன். மார்வாரிக் குதிரைகளில் நெடும்பயணம் போகிறவர்களுக்குக் குதிரையையும் மூட்டையையும் தயார் செய்து கொடுப்பது என் பிழைப்பு.

ஒரு குதிரை தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை சுமக்கலாம் என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ குதிரை என்றால் 80 கிலோ. இதில் சேணமும் விரிப்பும் பத்து கிலோவைத் தின்றுவிடும். நீங்கள் 65 கிலோ என்றால் மூட்டைக்கு மிஞ்சுவது 5 கிலோ. மங்கோலியாவில் 2009 முதல் நடக்கும் 'மங்கோல் டெர்பி' என்ற 1,000 கிலோமீட்டர் பந்தயத்திலும் சவாரி செய்பவர் கொண்டுபோகும் சாமான்களுக்கு 5 கிலோதான் வரம்பு. அங்கே சுமார் 40 கிலோமீட்டருக்கு ஒருமுறை குதிரை மாற்றுகிறார்கள். நம் பயணத்திலோ ஆறு நாளும் அதே குதிரைதான். அப்படியென்றால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா?

தயாரிப்பு மாதக்கணக்கில் முன்பே தொடங்கிவிடும். முதல் சில வாரங்கள் நடை மட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுவோம். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் உறுதிப்படத்தான் நாளாகும். லாடத்தைப் புறப்படும் நாளில் அடிக்கவே கூடாது. ஒரு வாரம் முன்பே அடித்துவிட்டால், ஆணி எங்காவது உயிர்ச்சதையை அழுத்துகிறதா என்பது நடையிலேயே தெரிந்துவிடும். தீவனமும் அப்படித்தான். வழியில் கொடுக்கப்போகும் பார்லியையும் கடலையையும் பத்து நாள் முன்பிருந்தே சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. திடீரென்று தீவனத்தை மாற்றினால் வரும் வயிற்றுவலி அதன் உயிரையே வாங்கிவிடும்.

சேணத்துக்கு அடியில் போடும் கம்பளி விரிப்பை நம்தா என்பார்கள். இங்கே மணற்காட்டில் 'புரூட்' என்று ஒரு புல் உண்டு; அதன் முள்விதை எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். தினமும் காலையில் நம்தாவைத் திருப்பிப்போட்டு, வெறும் உள்ளங்கையால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பேன். ஒரே ஒரு முள் தப்பினாலும் சாயங்காலம் முதுகில் புண். பிறகு நம்தாவைக் கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னோக்கி இழுப்பேன்; அப்போதுதான் முடி படிந்து கிடக்கும். சேணத்தை வைத்ததும், தோள்மேட்டுக்கு மேலே விரிப்பைத் தூக்கிவிட்டுக் காற்றோட்டம் வைப்பேன். மாலையில் சேணத்தை எடுத்ததும் வியர்வைத் தடத்தைப் பார்க்க வேண்டும். எங்கும் ஒரே மாதிரி ஈரம் என்றால் நல்லது. ஈரத்துக்கு நடுவே ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது என்று அர்த்தம்.

பைகளைக் கட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும். கையால் தூக்கிப் பார்த்துச் சொல்லாதீர்கள். கொக்கித் தராசில் மாட்டி நிறுங்கள். ஒரு பக்கம் கனத்தால் சேணம் சரிந்து முதுகைத் தேய்க்கும். கனமான சாமான் முன்பைகளுக்குப் போகட்டும். சேணத்துக்குப் பின்னால் இடுப்புப் பகுதியில் விலா எலும்பின் தாங்கல் கிடையாது. அங்கே மழைக்கோட்டு, போர்வை மாதிரி இலேசானவை மட்டும். கடகடவென்று சத்தம் போடும் எதையும் துணியில் சுற்றிவிடுங்கள்.

குளம்பு சுரண்டும் கொக்கி, தேய்க்கும் பிரஷ், கயிறு, உபரியாக ஒரு வயிற்றுவார், மடக்கும் கேன்வாஸ் வாளி, உப்பு, புண் மருந்து — குதிரைக்கான இவை போக மிச்ச இடம் உங்களுக்கு. இரண்டு செட் உடுப்பு போதும். பாலைவன இரவில் குளிர் எலும்பைத் துளைக்கும், ஆகவே ஒரு ஸ்வெட்டர். உள்தொடையில் தடித்த தையல் இருக்கும் ஜீன்ஸ் வேண்டாம், தோலை உரித்துவிடும். ஹெல்மெட் கட்டாயம். செல்போன், கத்தி, முதலுதவிப் பொட்டலம் மூன்றும் உங்கள் உடம்போடு இருக்க வேண்டும். நீங்கள் விழுந்து குதிரை ஓடிவிட்டால், பையும் அதோடு போய்விடும்.

வழியில் முதல் கிலோமீட்டரும் கடைசிக் கிலோமீட்டரும் நடைதான். சரிவில் இறங்கி நடங்கள். தண்ணீர் கண்ட இடத்தில் குடிக்க விடுங்கள். தாடைக்குக் கீழே விரல் வைத்தால் நாடி கிடைக்கும். சர்வதேச நெடுந்தூரப் போட்டிகளில், சோதனைச் சாவடிக்கு வந்த குதிரையின் நாடி குறித்த நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64 ஆக இறங்காவிட்டால் மேலே போக விடமாட்டார்கள். எங்கள் ஓய்விடங்களிலும் அதே அளவுகோல்தான்.

இதெல்லாம் அதீதம் என்று நினைப்பவர்களுக்கு எமே சிஃபேலியின் கதையைச் சொல்வேன். சுவிட்சர்லாந்தில் பிறந்த அவர் 1925இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸிலிருந்து மான்சா, காத்தோ என்ற இரண்டு கிரியோயோ குதிரைகளோடு புறப்பட்டு, ஆண்டிஸ் மலைகளைக் கடந்து 1928இல் நியூயார்க் சேர்ந்தார். கிளம்பும்போதே அவற்றுக்கு வயது 16, 15. ஒன்றில் ஏறுவார், மற்றதில் சுமை, மாற்றி மாற்றி. ஊர் திரும்பிய பிறகு காத்தோ 1944 வரையும் மான்சா 1947 வரையும் வாழ்ந்தன. பயணம் நன்றாக நடந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

எங்கே சவாரிக்குப் போனாலும், ஏறுவதற்கு முன் சேணத்தைக் கழற்றி முதுகைக் காட்டச் சொல்லுங்கள். புண்ணோ வீக்கமோ இருந்தால், பணம் கட்டியிருந்தாலும் அந்தக் குதிரையில் ஏறாதீர்கள்.