மூன்று மணி நேரக் கெடு யாருக்கு?

'பொய் வீடியோவை 3 மணி நேரத்தில் நீக்கவேண்டும் என்கிறார்களே, பிறகும் எங்கள் குழுவுக்கு எப்படி வருகிறது?' தேர்தல் நெருங்கினால் வாசகர் கடிதங்களில் வரும் கேள்வி இது. 2024 மே 6-ல் தேர்தல் ஆணையம் விதித்த அந்தக் கெடு அரசியல் கட்சிகளுக்கானது. வீடியோ வெளியான நேரத்திலிருந்து அல்ல, கட்சியின் கவனத்துக்கு வந்த நேரத்திலிருந்துதான் அது கணக்கு. மூலப்பதிவு நீங்கினாலும் நகல்கள் நீங்குவதில்லை.

நகல்களைக் கட்டுப்படுத்த வாட்ஸ்அப்பில் சாமர்த்தியமான ஓர் ஏற்பாடு உண்டு. செய்தி எத்தனை கை மாறியது என்ற எண்ணிக்கை செய்தியோடே பயணிக்கும். ஐந்தைத் தொட்டதும் இரட்டை அம்புக்குறி விழும். பிறகு ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம். 2020 ஏப்ரலில் இக்கட்டுப்பாடு வந்தபின் இத்தகைய ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்தன என்றது நிறுவனம். அது நிறுவனமே எண்ணிச் சொன்ன கணக்கு. வெளியார் சரிபார்க்க வழியில்லை. அதே வீடியோவை போனில் சேமித்துப் புதிதாக அனுப்பினால் அம்புக்குறி மறைந்து, எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அறியாமல் பகிர்பவரைத் தடுக்கும் வேலி, திட்டமிட்டுப் பரப்புபவருக்கு வழிவிடுகிறது. குறி இல்லாததால், அனுப்பியவரே எடுத்த வீடியோ என்ற நம்பிக்கையும் கூடவே சேர்கிறது.

இப்படிப் பொய் வீடியோ பரவுவதன் விலை நமக்குத் தெரியும். 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களின் சண்டை என்று தமிழக டிஜிபி விளக்கினார். பீகார் சட்டமன்றத்திலும் பிரச்சினை வெடித்தது. 'அப்படியானால் எது பொய் என்று அரசே அறிவிக்கட்டுமே' என்பார்கள். ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளுக்குத் தானே நீதிபதியாக முயன்ற உண்மைச் சரிபார்ப்புப் பிரிவுக்கான விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அதுவே சரி. கேட்கவேண்டியது வேறு: பொய்யைப் பரப்பிய கட்சி, அதே குழுக்களில் திருத்தத்தையும் அனுப்பியாக வேண்டும். நீக்கினால் கட்சியின் பக்கம்தான் சுத்தமாகும். ஏமாந்த வாக்காளருக்கு உண்மை போய்ச் சேராது.

எங்கே புகார் செய்வது? தேர்தல் காலத்தில் தேர்தல் ஆணையத்திடம்.

பழைய வீடியோவா என்று பார்ப்பது எப்படி? ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள்.

அம்புக்குறி இல்லையென்றால் நம்பலாமா? கூடாது.