மழைக்காலத்தில் பசிக்கும் குருவி

வட ஆஸ்திரேலியாவின் சவன்னாவில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மழை கொட்டித் தீர்க்கும். பல மாதம் காய்ந்து கிடந்த நிலமெல்லாம் பச்சையாகிவிடும். கோல்டியன் ஃபிஞ்ச் என்ற குருவி பட்டினி கிடப்பது அந்த நேரத்தில்தான். அதன் எண்ணிக்கை ஏன் சரிந்தது என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இந்தப் பட்டினிக்குள்தான் இருக்கிறது.

நம் வயல்களில் திரியும் புள்ளிச் சில்லையின் குடும்பத்தைச் சேர்ந்த பறவை இது. எடை 15 கிராம் இருந்தால் அதிகம். பச்சை முதுகு, ஊதா மார்பு, மஞ்சள் வயிறு. பெரும்பாலானவற்றுக்கு முகம் கறுப்பு. ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குச் சிவப்பு. மிக அரிதாக மஞ்சள். பறவையியலாளர் ஜான் கோல்ட், மறைந்த தன் மனைவி எலிசபெத்தின் நினைவாக 1844-இல் இதற்குப் பெயர் சூட்டினார். யூகலிப்டஸ் மரப்பொந்துகளில் கூடு வைக்கும். குஞ்சின் வாயோரத்தில் நீல முத்துகள் போலச் சிறு புடைப்புகள் உண்டு. பொந்துக்குள் கசியும் சொற்ப வெளிச்சம் பட்டாலே அவை மின்னும். இரை கொண்டுவரும் பறவைக்கு எங்கே ஊட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மற்ற ஃபிஞ்சுகள் பூச்சியும் பிடித்துத் தின்னும். இதற்கோ புல்விதையே உணவு. வறண்ட பருவம் முழுக்க, தரையில் உதிர்ந்து கிடக்கும் காட்டுச் சோள விதைகளைப் பொறுக்கித் தின்று காலம் தள்ளும். முதல் நல்ல மழையில் அந்த விதைகள் அத்தனையும் ஒன்றாக முளைத்துவிடும். தின்ன ஒன்றும் மிஞ்சாது. காட்டுச் சோளம் மறுபடி விதை பிடிக்கும்வரை காக்கட்டூ புல், ஸ்பினிஃபெக்ஸ் போன்ற பல்லாண்டுப் புற்கள்தான் அதற்குக் கதி. ஒன்று விதை விட்டு ஓய, அடுத்தது விதை விடும். குருவிகளும் இடம் மாறி மாறிப் போகும்.

காக்கட்டூ புல் மாடுகளுக்கும் பிடித்தமானது என்பதுதான் சிக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும் மாட்டுப் பண்ணைகள் இங்கே வந்தன. அதோடு நெருப்பின் ஒழுங்கும் கெட்டது. பூர்வகுடி மக்கள் ஈரம் முழுதும் காயாத பருவத்திலேயே சிறு சிறு துண்டுகளாகப் புல்லை எரித்து வந்தவர்கள். எரிந்த துண்டும் எரியாத துண்டும் கலந்து கிடக்கும். பெருந்தீ பரவ வழியிருக்காது. அவர்களை நிலத்தைவிட்டு அகற்றிய பிறகு, வறண்ட பருவத்தின் கடைசியில் பிடிக்கும் தீ பரந்த நிலத்தை ஒரே வீச்சில் விழுங்குகிறது. பல்லாண்டுப் புல்லின் விதை குறைகிறது. பொந்துள்ள முதிய மரங்களும் சாய்கின்றன. போதாததற்கு, மேய்ச்சலுக்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த காம்பா புல் நான்கு மீட்டர் உயரம் வளர்ந்து தீயின் வேகத்தைப் பல மடங்காக்குகிறது. 2012-இல் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களையாக அறிவித்தார்கள். பரவுவது நிற்கவில்லை.

கூண்டு வியாபாரத்துக்காக இவற்றைப் பிடித்ததும் ஒரு காலத்தில் பெரிதாக நடந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அதற்கு 1981-இல்தான் முற்றுப்புள்ளி விழுந்தது. பிடிப்பது நின்றும் குருவிகள் பழைய நிலைக்கு மீளவில்லை. ஒரு கட்டத்தில் காட்டில் 2,500 முதிர்ந்த பறவைகள்கூட இல்லை என்று மதிப்பிட்டார்கள். குவீன்ஸ்லாந்தில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

உலகெங்கும் கூண்டுகளில் இந்தக் குருவி ஏராளம். நம்மூர்ப் பறவைக் கடைகளிலும் பார்க்கலாம். அதைப் பார்த்து இந்த இனத்துக்கு ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சில இடங்களில் பொந்துக்குப் பதிலாக மரப்பெட்டிகள் கட்டிப் பார்த்தார்கள். குருவிகள் அவற்றில் குஞ்சும் பொரித்தன. நல்ல செய்திதான். ஆனால் காக்கட்டூ புல்லுக்குப் பதிலாகக் கட்டித் தொங்கவிட ஒன்றுமில்லை. பூர்வகுடிக் காவலர்கள் இன்று பல இடங்களில் பழையபடி முன்பருவத்திலேயே தீ வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த வேலைக்குப் பணமும் ஆளும் தொடர்ந்து கிடைக்க வேண்டும். மழைக்காலத்தில் புல் விதை பிடித்து முடியும்வரை மாடுகளை விலக்கி வைக்க வேண்டும்.