செல்லாத காசுக்குக் கூச்சல்! செல்லும் காசுக்கு மவுனம்! பட்டினப்பாக்கம் மணலில் தோற்றுப்போன மிஷின்

"பீப்... பீப்... பீப்!"

காலை 6 மணி. பட்டினப்பாக்கம் கடற்கரை. நம் கையில் மெட்டல் டிடெக்டர். காதில் ஹெட்போன். சத்தம் கேட்ட இடத்தில் ஆவலோடு தோண்டினோம். கிடைத்தது என்ன தெரியுமா? ஒரு சோடா மூடி!

மறுபடி சத்தம். மறுபடி தோண்டினோம். துருப்பிடித்த ஆணி. அடுத்தது இன்னொரு சோடா மூடி. முதுகு வலித்ததுதான் மிச்சம்.

வெளிநாடுகளில் இது ஒரு பொழுதுபோக்கு. லீவு நாளில் மிஷினைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். மோதிரம், சங்கிலி, காசு என்று எது கிடைத்தாலும் லாபம். தெரிந்தவர் ஒருவர் அப்படி ஒரு மிஷினை வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்திருந்தார். "ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், சில்லறையாக அள்ளலாம்" என்று இரவல் கொடுத்தார்.

மிஷினில் ஒரு வசதி உண்டு. "இரும்பு வேண்டாம்" என்று திருப்பி வைத்தால் இரும்புக்குச் சத்தம் போடாது. திருப்பினோம். சோடா மூடித் தொல்லை ஒழிந்தது. பிறகு கிடைத்தவை: மாத்திரை அட்டை, சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள், மறுபடி மாத்திரை அட்டை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு காசு! சதுரமான அலுமினிய 5 பைசா!

பெரியவர்

அப்போதுதான் அவரைப் பார்த்தோம். அறுபது வயது இருக்கும். மடித்துக் கட்டிய லுங்கி. தோளில் கோணி. கையில் நைலான் கயிறு. கயிற்றின் நுனியில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வளையக் காந்தம். நாயைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி அதை மணலில் இழுத்துக்கொண்டே வந்தார். பத்தடிக்கு ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார். ஆணியும் கம்பியும் கோணிக்குள். காசு மட்டும் மடிக்குள்.

"இன்னா தம்பி, பாம் தேடறியா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னோம். விழுந்து விழுந்து சிரித்தார். மடியை அவிழ்த்துக் காட்டினார். ஒரு ரூபாய் காசு 9. இரண்டு ரூபாய் காசு 3. ஐம்பது பைசா 2. மொத்தம் 16 ரூபாய். நம் கையில் 5 பைசா!

சோதனை

இது என்ன வேடிக்கை? நாமே ஒரு சோதனை செய்தோம். சட்டைப் பையிலிருந்த ஒரு ரூபாயை மணலில் போட்டு மேலே மிஷினை ஆட்டினோம். சத்தமே இல்லை! அருகில் ஒரு சோடா மூடியைப் போட்டோம். அதற்கும் சத்தமில்லை. திருகலைப் பழையபடி வைத்தோம். இரண்டுக்கும் ஒரே மாதிரி கரகரப்பு.

காரணம் காசிலேயே இருக்கிறது. 1988-ல் இருந்து 10, 25, 50 பைசாக்களை ஒருவகை எவர்சில்வரில் அடித்தார்கள். 1992-ல் ஒரு ரூபாயும் அப்படியே ஆயிற்று. இந்த எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டும். சந்தேகமிருந்தால் வீட்டில் பிரிட்ஜ் கதவு காந்தத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு ரூபாய் ஒட்டும். பித்தளை நிறத்து 5 ரூபாய் ஒட்டாது.

மிஷினின் அடியில் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் ஓடும்போது மண்ணுக்குள் இருக்கும் உலோகத்திலும் சின்ன மின்னோட்டம் கிளம்பும். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு குரல். நம் ஒரு ரூபாய்க்கு இரும்புக் குரல். பழைய 5 பைசாவுக்கு அலுமினியக் குரல். மாத்திரை அட்டைக்கும் அதே வகைக் குரல்தான். சின்னத் தங்க மோதிரமும் கிட்டத்தட்ட அப்படித்தான் பேசுமாம். ஆகவே குப்பையை விட்டால் மோதிரமும் போச்சு! அமெரிக்காவிலும் இதே தலைவலி. அங்கே "நிக்கல்" என்கிற 5 சென்ட் காசும், பீர் டப்பாவின் இழுப்பு வளையமும் மிஷினுக்கு ஒன்றுதான்.

ஆதியிலேயே இந்த மிஷினுக்கு இந்தக் கோளாறு உண்டு. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். உடம்புக்குள் குண்டு எங்கே என்று டாக்டர்கள் திணறினார்கள். டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியோடு ஓடிவந்தார். கருவி குழம்பிப்போனது. கட்டில் மெத்தையில் இரும்பு ஸ்பிரிங்! குண்டு அகப்படவில்லை. ஜனாதிபதி இறந்துபோனார்.

கறுத்த காசு

நாம் எடுத்த 5 பைசா கடையிலும் செல்லாது, பாங்கிலும் செல்லாது. 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30-ந் தேதியோடு செல்லாமல் போய்விட்டன. பெரியவருடைய 16 ரூபாய் முழுவதும் சட்டப்படி செல்லும். ஆனால் செல்லுகிறதா?

அதுதான் அவருடைய கவலை. உப்புத் தண்ணீரில் கிடந்த காசு கறுத்துவிடுகிறது. புளி போட்டுத் தேய்க்கிறார். அப்படியும் டீக்கடையில் வாங்குவதில்லை. 50 பைசாவைக் கண்டால் "இது எப்பவோ செல்லாது பெரியவரே" என்கிறார்களாம். தப்பு! 50 பைசா இன்றும் செல்லும். செல்லும் நாணயங்களைப் பாங்குகள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் கோணியும் லுங்கியுமாக, 16 ரூபாயோடு பாங்கு வாசலில் யார் போய் நிற்பது?

காயலான் கடையில் எடைக்குப் போடலாமே என்று கேட்டோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011-க்குப் பிறகு வந்த சின்ன ஒரு ரூபாய் 3.79 கிராம். ஒரு கிலோவுக்கு 264 காசு. 264 ரூபாயைப் பழைய இரும்பு விலைக்கா தள்ளுவது? அதோடு 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை உருக்கினால் 7 வருஷம் வரை ஜெயில். இது விளையாட்டு இல்லை. இந்தியக் காசுகளை வங்காளதேசத்துக்குக் கடத்தி, உருக்கி, சவர பிளேடு செய்ததாக 2007-ல் பெரிய பரபரப்பே ஏற்பட்டது.

இன்னொரு பழைய சட்டமும் இருக்கிறது. 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம். மண்ணில் மறைந்து கிடக்கும் புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அன்றைக்கு 10 ரூபாய் பெரிய பணம். பெரியவரிடம் இதைச் சொன்னோம். "கலெக்டரு ஒத்தை ரூபாய வாங்கிப்பாரா?" என்று கேட்டார்.

அவருக்கு காலண்டர் மனப்பாடம். தை, ஆடி அமாவாசைகளில் தர்ப்பணம் கொடுக்க வருபவர்கள் காசு போடுவார்கள். பிள்ளையார் சிலைகளைக் கரைத்த மறுநாள் கம்பி நிறையக் கிடைக்கும். காணும் பொங்கல் கூட்டத்தில் கைதவறி விழுவது தனி வசூல். சவ ஊர்வலத்தில் வாரி இறைக்கிற காசை மட்டும் அவர் தொடுவதில்லை. ஏன் என்று நாம் கேட்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. பெரியவர் காந்தத்தை இழுத்துக்கொண்டு உடைந்த பாலம் இருக்கும் அடையாறு முகத்துவாரப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நாலடி போனவர் திரும்பினார்.

"அமாவாசைக்கு வா தம்பி. அந்த மிஷினை ஊட்லயே வெச்சிட்டு வா."