சுவரை அளந்துவிட்டு வாருங்கள்

முப்பது வருடமாகப் பிரேம் வியாபாரம் செய்கிறேன். புது வீட்டுக்குக் குடிபுகப் போகிறவர்கள் கடைசி நேரத்தில்தான் கடைக்கு ஓடி வருவார்கள். "ஹாஜியார், ஆயத்துல் குர்ஸி பெரிசா ஒன்று தாங்க" என்பார்கள். சுவர் எத்தனை அடி என்று கேட்டால் கையை விரித்துக் காட்டுவார்கள்.

அப்படி வந்த ஒருவருக்கு நானும் ஒன்றும் கேளாமல் ஐந்தடிப் பிரேம் விற்றுவிட்டேன். அவர் வீட்டுச் செட்டியே நாலரை அடிதானாம். மூன்றாம் நாள் முச்சக்கர வண்டியில் திருப்பிக் கொண்டு வந்தார். வழியில் கண்ணாடி உடைந்துவிட்டது. பாதிப் பணம் கொடுத்தேன். இருவருக்கும் நஷ்டம்.

செட்டிக்கு மேலே மாட்டுவதென்றால் அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். ஆறடிச் செட்டிக்கு நாலடி. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 57 அங்குலத்தில், கண் மட்டத்துக்கு வரவேண்டும். நம்மவர்கள் சீலிங்குக்குக் கிட்ட மாட்டுகிறார்கள். மரியாதைக்குத்தான், சரி. ஆனால் வாசிக்க முடியாத உயரத்தில் ஆயத்து இருந்து என்ன பயன்?

நேர்கோடும் கோணமுமான கூஃபி எழுத்து புதுமாதிரி வீட்டுக்குப் பொருந்தும். வளைந்தோடும் துலுத், மரத் தளபாடங்கள் உள்ள பழைய வீட்டுக்கு அழகு. பத்திக் துணியை வெயில் படும் சுவரில் தொங்கவிடாதீர்கள், சாயம் வெளிறிவிடும். ஜன்னலுக்கு எதிரே கண்ணாடிப் பிரேம் மாட்டினால் வெளிச்சம்தான் தெரியும், எழுத்துத் தெரியாது.

இப்போதெல்லாம் அளவு தெரியாமல் வருகிறவரிடம் நான் பணம் வாங்குவதில்லை. பழைய பத்திரிகைத் தாளைப் பிரேம் அளவுக்கு வெட்டி, சுவரில் ஒட்டிப் பார்த்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன்.